வாசிக்கத் தெரியாத இளவேனில்

எழுத்தறியாப் பிள்ளை ஒன்றுகூட இந்நாட்டில் இருக்கலாகாது என்று மேடையில் முழங்கிய ஆசிரியை செந்தாமரைக்கு, இரண்டாம் வகுப்பு இளவேனில் நெஞ்சில் தைத்த முள்ளானாள். எல்லாப் பிள்ளைகளுக்கும் பேசும் பலகை அவரவர் தாயின் குரலிலேயே எழுத்தொலிகளைக் கற்பித்தது. இளவேனிலின் தாய் சென்ற ஆடியில் மறைந்தாள். குரல் மட்டும் பலகையில் மிஞ்சியிருந்தது.

"இது 'ப', கண்ணு. எங்கே, சொல்லு," என்றது குரல்.

"ம," என்றாள் சிறுமி, கண்களை மூடிக்கொண்டு.

"இன்னொரு தடவ சொல்லலாமா, கண்ணு?"

செந்தாமரை அருகில் அமர்ந்தாள். "வேணும்னேதான் தப்பாச் சொல்றியா, பாப்பா?"

"சரியா வாசிச்சா அம்மா போயிடும், டீச்சர்."

"யாரு சொன்னா?"

பலகையின் அடியில் பொடி எழுத்தில் இருந்த வரியைச் சிறுமி தடங்கலின்றி வாசித்துக் காட்டினாள்: "பிள்ளை வாசிக்கப் பழகியதும் தாயின் குரல் அழிக்கப்படும்."

"நல்லா வாசிச்ச, கண்ணு," என்றது பலகை. அதன்பின் அது பேசவில்லை.