ஒரே ஒரு ‘ள்’

“கொலை பண்ணினது தம்பி இல்லீங்க, தீர்ப்பு சொன்ன நீதிபதியம்மாதான்!”

சொன்ன வேகத்தில் தையற்கடைக்காரம்மா நாற்காலியை விட்டு எழுந்தே நின்றுவிட்டார். கையிலிருந்த நாவலில், நாற்பத்தொன்றாம் பக்கத்தில், ஒரு பூப்போட்ட துணித்துண்டு அடையாளத்துக்குச் செருகியிருந்தது.

நூலக மாடியில் கூடியிருந்த வாசகர்கள் வாயைப் பிளந்தார்கள். அவர்களைவிடப் பெரிதாக வாயைப் பிளந்தவர் மேடையில் இருந்த வக்கீல். இத்தனைக்கும் நாவலை எழுதியவரே அவர்தான்!

அவருடைய முதல் நாவல் கிடங்கில் கரையானுக்குச் சோறாகிக்கொண்டிருந்தது. இது இரண்டாவது. “இன்னிக்கு வாசகருங்க என்ன சொல்றாங்கன்னு பாப்போம் சார். இதுவும் படுத்துச்சுன்னா, அடுத்ததுக்கு நீங்க வேற ஆளைப் பாத்துக்குங்க” என்று படியேறும்போதே பதிப்பாளர் கறாராகச் சொல்லிவிட்டார். இப்போது முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“அதெப்படிம்மா?” என்றார் பல் டாக்டர். “தம்பிதான் அண்ணனைக் கொன்னான்னு கோர்ட்ல நிரூபிச்சு, ஆயுள் தண்டனையும் குடுத்தாச்சே?”

“குடுத்தது யாரு? அந்தம்மா! நாப்பத்தொண்ணாம் பக்கத்தை எடுங்க. கொலை நடந்த வீடு. ‘குடையால் முகத்தை மறைத்துக்கொண்டு, பின்படி வழியாக இறங்கிப் போனாள்.’ போனாள்! ‘ள்’ போட்டிருக்கு, பாத்தீங்களா? நாவல் பூரா சல்லடை போட்டுத் தேடிட்டேன். பொம்பளைன்னு இருக்கறது அந்த நீதிபதி ஒருத்திதான்!”

மாடி முழுக்கப் பக்கம் புரட்டும் சத்தம் கேட்டது.

“அடேங்கப்பா! நான் கவனிக்கவே இல்லியே!” பல் டாக்டர் துள்ளினார். “அப்போ, அந்தம்மா வீடு பின்தெருவுல இருக்குன்னு ரெண்டாம் அத்தியாயத்துல வருதே, அது சும்மா வரலை!”

சும்மாதான் வந்தது. புத்தகம் ஒல்லியாக இருக்கிறதே என்று வக்கீல் கடைசியில் சேர்த்த தெரு அது.

“தீர்ப்பு வாசிக்கறப்போ அந்தம்மா கை நடுங்குமே! நான்கூட இரக்கம்னுல்ல நெனச்சேன்?” என்றார் தையற்கடைக்காரம்மா.

வக்கீலும் இரக்கம் என்றுதான் எழுதியிருந்தார். அவசர அவசரமாக நாற்பத்தொன்றைப் புரட்டினார். ‘போனாள்.’ சாட்சாத் ‘போனாள்’! அவர் எழுதியதோ ‘போனான்’. கொலைகாரன் தம்பி, மாட்டிக்கொண்டவனும் தம்பி. அவருக்குத் தெரிந்த கதை அவ்வளவுதான்.

“ஏங்க, இது வெறும் அச்சுப்பிழைங்க!” பஸ் ஓட்டுநர் குறுக்கே புகுந்தார். “‘ன்’ போடற எடத்துல ‘ள்’ விழுந்திருக்கு. அதுக்குப் போயி ஒரு நீதிபதியை உள்ள தள்றீங்களே, நியாயமா?”

“அப்போ கை நடுங்கினது?”

“நரம்புத் தளர்ச்சியா இருக்கும்!”

“நல்லா வேகமெடுக்கறப்போ பிரேக் போடறீங்களே அண்ணே!” என்று யாரோ கத்த, கூட்டம் கொல்லென்று சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் ஆளுக்கொரு கட்சி சேர்ந்து, மாடி சந்தைக்கடையாகிவிட்டது.

பதிப்பாளர் எழுந்து கையை உயர்த்தினார். “நமக்குள்ள சண்டை எதுக்கு? எழுதினவரே எதிர்ல உக்காந்திருக்காரே! சொல்லுங்க சார், அது பிழையா, இல்ல நீங்க வேணும்னே வெச்ச பொறியா?”

அத்தனை கண்களும் மேடைக்குத் திரும்பின.

பிழை என்று சொன்னால் இந்த நாவலும் போச்சு, அடுத்ததும் போச்சு. பொறி என்று சொன்னால் பச்சைப் பொய். வக்கீல் கடைசி வரிசையைப் பார்த்தார். நாவலுக்குப் புரூஃப் பார்த்துக் கொடுத்த அவர் மனைவி, இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்பதுபோல் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பிடி கிடைத்துவிட்டது! கோர்ட்டில் ஒருநாளும் வராத வேகம் அவர் நாக்குக்கு வந்தது.

“இதுக்குப் புரூஃப் பாத்தது என் வீட்டுக்காரம்மா. அவங்களுக்குத் தொழிலே அதுதான். கல்யாணப் பத்திரிகை வந்தா, யாருக்குக் கல்யாணம்னு பாக்கறதுக்கு முன்னாடி ஒற்றுப்பிழையைப் பாக்கறவங்க. டாக்டர் குடுத்த மருந்துச்சீட்டையே திருத்தித் திருப்பி அனுப்பினவங்க! அவங்க கண்ணுல மண்ணைத் தூவிட்டு ஒரு ‘ள்’ தப்பிக்கும்னு நெனக்கிறீங்களா? இதுக்கு மேல நான் என்னத்தைச் சொல்ல?”

கைத்தட்டலில் ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. “என் கட்சி தோத்துப்போச்சுங்க!” என்று பஸ் ஓட்டுநரே முதல் ஆளாக வந்து கையெழுத்து வாங்கிக்கொண்டார். தையற்கடைக்காரம்மா தங்கைக்கென்று இன்னொரு பிரதி வாங்கினார். பதிப்பாளர் மேடைக்கே ஓடிவந்து, “அடுத்ததை எப்போ சார் குடுக்கறீங்க? நமக்குத்தான் குடுக்கணும், சொல்லிட்டேன்!” என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

படியிறங்கும்போது வக்கீலுக்குக் கால் தரையில் பாவவில்லை.

“பாத்தியா, பொய்யும் சொல்லாம மெய்யும் சொல்லாம எப்படிச் சமாளிச்சேன்! யோசிச்சுப் பாரு, நீ தொழிலுக்கு வந்ததுலேருந்து விட்ட ஒரே பிழை. அது வந்து என்னைக் காப்பாத்தியிருக்கு! நான் ‘போனான்’னுதானே எழுதியிருந்தேன்?”

மனைவி கைப்பையின் ஜிப்பை நிதானமாக இழுத்து மூடினார்.

“ஆமாங்க, ‘போனான்’னுதான் எழுதியிருந்தீங்க. பெரிய பிழை. அதான் திருத்தினேன்.”