ஆக்சிலேட்டர் மாட்டிக்கொண்டது

அவள் முறுக்கிவிட்டுக் கையை எடுத்தாள்.

ஆக்சிலேட்டர் திரும்பவில்லை. முறுக்கிய இடத்திலேயே நின்றது.

கையால் பின்னுக்குத் திருப்பி, மறுபடி முறுக்கினாள். மறுபடியும் நின்றது.

"மாட்டுதுல்ல?"

கணவன் போன பிறகு அவள் குரல் உயர்ந்தது அப்போதுதான்.

கனிராஜ் தலையாட்டினான். இறந்தவனின் தம்பி. பைபாஸ் ஓரத்தில் பட்டறை வைத்திருப்பவன். போலீஸ் ஸ்டேஷனிலிருந்து அண்ணனின் வண்டியை அன்று காலைதான் வேனில் ஏற்றிவந்து வாசலில் இறக்கியிருந்தான்.

நேரான ரோடு. பட்டப்பகல். எதிரே ஒரு வண்டியும் இல்லை.

அவள் கணவன் வேல்மயில் புளியமரத்தில் போய் மோதியிருந்தான்.

வண்டியில் கோளாறு என்று தெருவில் சொன்னார்கள். அவள் தள்ளிப் போனதும், வேண்டுமென்றேதான் போய் மோதினான் என்றார்கள்.

சில மாதங்களாகவே அவன் யாரிடமும் பேசவில்லை. சாப்பிடும்போது பாதியில் கை நின்றுவிடும். என்ன என்று கேட்டால், ஒன்றுமில்லை என்பான்.

உள்ளே அத்தை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். மகனைத் தூக்கிக்கொண்டு போனதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

கனிராஜ் ஸ்பேனரை எடுத்தான்.

கேபிளைக் கழற்றி இழுத்துப் பார்த்தான். வழுக்கிக்கொண்டு போய் வந்தது. கார்பரேட்டரைத் திறந்தான். ஸ்பிரிங் வலுவாக இருந்தது. எங்கும் துரு இல்லை.

"அப்ப எங்க மாட்டுது?"

அவன் ஹேண்டில்பாரின் நுனியைத் தடவினான். மோதியதில் வளைந்திருந்தது. நுனியில் இருந்த இரும்புக் குண்டு, ரப்பர் பிடியை உள்ளே நெருக்கிக்கொண்டிருந்தது.

குண்டின் திருகைக் கழற்றினான்.

இரண்டுக்கும் நடுவிலிருந்து ஒரு துண்டு மரப்பட்டை விழுந்தது.

இருவரும் அதைப் பார்த்தார்கள்.

குண்டையும் கேபிளையும் திரும்ப மாட்டினான். முறுக்கினான். விட்டான்.

டக்கென்று திரும்பியது.

அவனை விலக்கிவிட்டு அவள் முறுக்கினாள். வேகமாக முறுக்கினாள். மெதுவாக முறுக்கினாள். விட்டுவிட்டுப் பார்த்தாள்.

ஒவ்வொரு முறையும் திரும்பியது.

"மரத்துல அடிச்ச பொறவுதான் மாட்டியிருக்கு மதினி." கனிராஜ் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "அதுக்கு முன்னால வண்டி நல்லாத்தான் இருந்திருக்கு."

அவள் பிடியிலிருந்து கையை எடுக்கவில்லை.

நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு அத்தை நின்றிருந்தாள். எப்போது எழுந்து வந்தாளோ.

"என்னய்யா? வண்டியிலதான கோளாறு?"

கனிராஜ் ஸ்பேனரைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டான்.

"ஆமா அத்தை," என்றாள் அவள். "முறுக்குனா திரும்பவே இல்ல."

அத்தை கதவோரம் கிடந்த விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு தள்ளாடி இறங்கி வந்தாள். பெட்ரோல் டேங்கில் அடித்தாள். நொறுங்கிய ஹெட்லைட்டில் அடித்தாள்.

"எம்புள்ளயக் கொன்னுட்டியே பாவி வண்டி. எம்புள்ள ஒண்ணுமறியாதவன்."

ஈர்க்குகள் முறிந்து சிதறின. யாரும் தடுக்கவில்லை. கை ஓய்ந்ததும், அழுதுகொண்டே அதை மருமகளிடம் நீட்டினாள்.

"நீயும் போடு தாயி. உன் தாலிய அறுத்தது இதுதான்."

அவள் வாங்கினாள்.

முதல் அடி சத்தமில்லாமல் விழுந்தது. அடுத்தது சீட்டில். அவன் உட்காரும் இடத்தில். பிறகு அவளால் நிறுத்த முடியவில்லை.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல," என்று அடித்தாள். "எங்கிட்ட ஒரே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல."

அத்தையின் அழுகை நின்றது.