இந்த மூஞ்சிக்கு செட் ஆகாது

"கையெழுத்து எங்க போடணும் மேடம்?" என்று கேட்டாள் துணிக்கடைப் பெண்.

கண்ணின் நிறத்தை நிரந்தரமாக மாற்றிவிடும் கிளினிக் அது. எதிரே உட்கார்ந்திருந்தவளுக்கு அங்கே நீலக்கண்காரி என்றுதான் பெயர். வருகிறவர்களுக்கு விவரம் சொல்லி ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குவது அவள் வேலை. வேலைக்குச் சேர்ந்த மாதமே அவள் கண்களையும் இலவசமாக நீலமாக்கி உட்கார வைத்துவிட்டார்கள். வாசலில் விளம்பரப் பலகை வைப்பதைவிட இது மேல்.

"இருங்க. முதல்ல நான் படிச்சுக் காட்டணும்" என்றவள் தாளைத் தொடக்கூட இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒப்பித்தாள். "கண்ணுக்குள்ள நிற வளையம் வைப்போம். அதனால கண்ணுல அழுத்தம் ஏறலாம். பார்வை மங்கலாம். முழுசாப் போயிடவும் வாய்ப்பு இருக்கு. போனா திரும்ப வராது."

"அதெல்லாம் எல்லா ஃபாரத்துலயும் போடுறதுதானே."

"முழுசாப் போயிடலாம்னு சொன்னேன்."

"கேட்டுச்சு மேடம். நீங்களே பண்ணிக்கிட்டு ஜம்முனு இருக்கீங்க, எனக்கு என்ன ஆயிடப்போகுது?"

நீலக்கண்காரி திறந்திருந்த கதவுப் பக்கம் முகத்தைத் திருப்பினாள். கதவைச் சாத்தக் கூடாது என்பது அங்கே விதி. அடுத்த அறையில் மேனேஜர்.

"அக்கா, பேனா" என்று குரல் கொடுத்தாள்.

தரை துடைத்துக்கொண்டிருந்த துப்புரவு அக்கா ஓடி வந்தாள். மேஜைமேல் நீலக்கண்காரியின் கைக்கு எட்டும் தூரத்தில் கிடந்த பேனாவையே எடுத்து அவளிடம் கொடுத்தாள். துணிக்கடைப் பெண்ணுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருந்த இடத்தை விட்டு அசையமாட்டாளாம் மகாராணி.

"எதுக்கு இந்த ஆசை?"

"ஆறு வருஷமா குடோன்ல துணி மடிக்கிறேன் மேடம். பார்க்க லட்சணமா இருக்கிறவங்களைத்தான் கடைக்கு முன்னாடி நிறுத்துறாங்க. சாம்பல் கண்ணு வச்சுக்கிட்டா நானும் முன்னாடி வந்துடுவேன். எனக்கு அது போதும்."

நீலக் கண்கள் இமைக்காமல் அவள் பக்கமே இருந்தன. பிறகு நீலக்கண்காரி பேனாவைக் கீழே வைத்தாள்.

"உனக்கு வேணாம். கிளம்பு."

"ஏன்?"

"இந்த மூஞ்சிக்கு செட் ஆகாது."

"என்ன சொன்னீங்க?"

"பழைய வீட்டுக்குப் புது ஜன்னல் வச்ச மாதிரி இருக்கும். நாலு பேர் சிரிப்பாங்க. எழுந்து போ."

துணிக்கடைப் பெண்ணுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவள் கடையில் யார் எதைப் போட்டுப் பார்த்தாலும், உங்களுக்குன்னே தச்ச மாதிரி இருக்கு என்று சொல்லத்தான் பழக்கியிருக்கிறார்கள். மூஞ்சிக்கு நேராக இப்படிச் சொல்லி அவள் கேட்டதே இல்லை. எழுந்து நேராக மேனேஜர் அறைக்குப் போனாள்.

"தான் மட்டும் அழகா இருக்கணும்னு நினைக்கிறாங்க சார். பொறாமை."

"இந்த மூணு மாசத்துல இது ஏழாவது புகார்" என்றார் மேனேஜர். நீலக்கண்காரியைக் கூப்பிட்டார். அவள் வந்து, கதவு நிலையில் கை வைத்தபடி திமிராக நின்றாள்.

"மேடம்கிட்ட மன்னிப்புக் கேளு."

அவள் முகம் சுவர்ப் பக்கமே இருந்தது.

"பாருங்க சார், எங்கயோ பாத்துக்கிட்டு நிக்கிறதை" என்றாள் துணிக்கடைப் பெண்.

"நீ இன்னியோட நின்னுக்க" என்றார் மேனேஜர். "உன் நாற்காலிக்கு நாளைக்கே வேற பொண்ணு வருவா. அவளுக்கும் பண்ணிவிட்டு உக்கார வச்சா தீந்துச்சு."

துணிக்கடைப் பெண் மேனேஜர் காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டாள். மறுநாள் காலை பத்து மணிக்கு முதல் ஆபரேஷன் அவளுக்குத்தான். மனசு குளிர்ந்துபோயிற்று. ஆனாலும் நறுக்கென்று ஒரு வார்த்தை கேட்காமல் போகக் கூடாது என்று கீழே வாசலில் காத்திருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் நீலக்கண்காரி வந்தாள், துப்புரவு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு. வேலை போன பிறகும் தாங்குவதற்கு ஆள்.

துணிக்கடைப் பெண் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நடுவழியில் போய் நின்றாள். நீலக்கண்காரி ஒதுங்கவில்லை. நேராக வந்து அவள் தோளில் மோதினாள்.

"மன்னிச்சுக்குங்க சார்" என்றாள்.

"சார் இல்லம்மா" என்றாள் துப்புரவு அக்கா மெதுவாக. "இப்ப வந்துட்டுப் போன பொண்ணு."

துணிக்கடைப் பெண் அந்த நீலக் கண்களுக்கு முன்னால் கையை ஆட்டிப் பார்த்தாள். கண்கள் அசையவில்லை.

"அப்ப... என் மூஞ்சியை நீங்க பாக்கவே இல்லையா?"

"யாரோ உக்காந்திருக்காங்கன்னு தெரியும். அவ்வளவுதான்."

"உங்க கண்ணு போயிடுச்சுன்னு சொல்லியிருக்கலாமே."

"வெளிய சொன்னா அன்னிக்கே எனக்குப் பதிலா வேற ஒருத்தி உக்காந்திருப்பா."

"அதுக்காக அப்படியா பேசுறது?"

நீலக்கண்காரி குரல் வந்த திசைக்கு முகத்தைத் திருப்பினாள்.

"கண்ணு போயிடும்னு சொன்னா எல்லாரும் கையெழுத்துப் போடுறீங்கம்மா. மூஞ்சி நல்லா இல்லேன்னு சொன்னாத்தான் எழுந்து போறீங்க."