கேமரா கண்ட ஆட்டம்

கடற்கரைத் தகரக் கொட்டகையின் கூரைமேல் ஒரு கேமரா இருந்தது. வெயில் ஏறினால் போதும், "அந்தக் கலங்கரை விளக்கத்தைப் பாருங்க, குடிகாரன் மாதிரி ஆடுறான்! இவனை நம்பியா கரை சேர்றீங்க?" என்று படகுகளிடம் வாய்க்கு வந்தபடி பேசும். படகுகள் சிரிக்கும். இருட்டியதும் கலங்கரை விளக்கம் அவற்றுக்கு வழி காட்டும்.

ஒருநாள் கொட்டகைக்குக் கம்ப்யூட்டர் வந்தது. கேமரா எடுத்த மங்கல் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நெளிவை நீக்கிக் காட்டியது. கலங்கரை விளக்கம் அசையாமல் நிமிர்ந்து நின்றது.

"அப்போ ஆடினது யாரு?" என்று கேட்டது கேமரா.

"உங்க காலடித் தகரம் கொதிச்சு எழும்பின காத்துதாண்ணே, உங்க கண்ணு முன்னாடியே," என்றது கம்ப்யூட்டர்.

சாயங்காலம் கலங்கரை விளக்கம் வழக்கம்போல் ஒளியைச் சுழற்றியது. படகுகளுக்குக் காட்டிய அதே வெளிச்சம் கேமராவின் மேலும் விழுந்தது. கண்ணை மூடிக்கொள்ளலாமென்றால், கேமராவுக்கு இமை இல்லை.