கூகுள் கூட்டிய கூட்டம்

கூகுளில் முதலிடம் பிடித்தால் போதும், வேறு விளம்பரமே வேண்டாம் என்று கற்றுக்கொடுப்பதுதான் தனேஸ்வரனின் பிழைப்பு.

"ஈப்போ டவுன்ல வைக்கிற வகுப்புக்கு ஆள் வருமா? கோயில் வாட்ஸ்அப் குரூப்ல ஒரு வார்த்தை போடவா?" என்றாள் மனைவி புனிதா.

"போட்டு கீட்டு வைக்காத, என் மானமே போயிரும்!"

வகுப்பன்று மண்டபம் நிரம்பி வழிந்தது. புனிதாவைப் பெருமையாக ஒரு பார்வை பார்த்துவிட்டு மேடை ஏறினான்.

"கூகுள்ல தேடி வந்தவங்க கை தூக்குங்க!"

பீடோர் ஊரிலிருந்து வந்த ஒருவர் மட்டும் தூக்கினார்.

"என்னன்னு தேடுனீங்கண்ணே?"

"மண்டபத்துக்கு வழி தேடுனேன்லா. வகுப்பு முடிஞ்சா நாசி லெமாக் சோத்துப் பொட்டலம் தருவாங்கன்னு உங்க வீட்டம்மா குரூப்ல போட்டதப் பாத்துதான் எல்லாரும் வந்தோம். எப்ப தம்பி முடிப்பீங்க?"

திரையில் மின்னிய 'கூகுள் போதும்' என்ற தலைப்பை அணைத்துவிட்டு, தனேஸ்வரன் புனிதாவிடம் போனான்.

"எனக்கும் ஒரு பொட்டலம் இருக்கா?"