கறுப்பு சிலிண்டர்

அவள் வால்வின் மேல் கையை வைத்துவிட்டாள்.

ஏசி மெக்கானிக் நிமிர்ந்து பார்த்தார். மொட்டைமாடியில் அவுட்டோர் யூனிட்டை உட்காரவைத்தாகிவிட்டது. செம்புக் குழாய்கள் சுவரோடு இறங்கிக் கீழ்வீட்டுக்குள் போயின. கசிவு இருக்கிறதா என்று குழாயில் காற்றழுத்தம் கொடுத்துப் பார்ப்பதுதான் பாக்கி.

துணி காயப்போட வந்தவள் சிலிண்டரின் நிறத்தைப் பார்த்தாள்.

கறுப்பு.

வெல்டிங்குக்கு வைக்கிற ஆக்ஸிஜன். குழாய்க்கு விட வேண்டியது நைட்ரஜன். அது சாம்பல் நிறம்.

நைட்ரஜன் எங்கே என்று கேட்டாள். கடையில் தீர்ந்துவிட்டதாம். மூன்று வருடமாக இதைத்தான் விடுகிறாராம். ஒன்றும் ஆனதில்லையாம்.

தன் மகள் சாயங்காலம் வந்துவிடுவாள், அதற்குள் ஏசி ஓட வேண்டும், மாடிவீட்டு அம்மாவுக்கு இதில் என்ன வேலை என்று கீழிருந்து வீட்டுக்காரம்மா சத்தம் போட்டாள்.

என்ன வேலை.

சென்னியப்பன் பதினாறு வருடம் பார்த்த வேலை. அவள் கணவன்.

அவனுக்கும் அவன் வேலைபார்த்த கடைக்காரர் கறுப்பைத்தான் கொடுத்தனுப்பினார். கம்ப்ரசரில் இருக்கும் எண்ணெயோடு அழுத்தத்தில் ஆக்ஸிஜன் சேர்ந்தால் வெடிக்கும். அதை அவள் விசாரணை அறிக்கையில் படித்துத்தான் தெரிந்துகொண்டாள். நான்கு பக்கம். தொழிலாளியின் கவனக்குறைவு என்று முடித்திருந்தார்கள். கடையின் பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை.

வெடித்தது காலை பதினொரு மணிக்கு.

கடைக்காரர் முதலில் வக்கீலைக் கூப்பிட்டார். அடுத்து, மிச்ச சிலிண்டர்களை எடுத்துப்போக வண்டியைக் கூப்பிட்டார்.

அவளுக்குச் சொன்னது பால்காரர். நாலு மணிக்கு. அதுவரை அவள் அவனுக்குச் சோறு மூடிவைத்துக் காத்திருந்தாள்.

“கைய எடுங்க்கா. நீங்க என்ன, கேஸ் இன்ஸ்பெக்டருங்களா?”

சிரித்தார். சின்ன வயது. விரலில் புதுக் கல்யாண மோதிரம்.

அவள் கையை எடுத்தாள். இடுப்பிலிருந்து போனை எடுத்தாள்.

“சரிங்க. உங்க சம்சாரத்து நம்பரச் சொல்லுங்க.”

“எதுக்குங்க்கா?”

“அவங்களுக்கு மொதல்ல நாஞ் சொல்லிப்போடறேன். நாலு மணி வரைக்கும் காக்க வேண்டாம் பாருங்க.”

அவர் சிரித்துக்கொண்டேதான் சொல்ல ஆரம்பித்தார்.

ஆறாவது எண்ணில் நின்றுவிட்டார்.

அவள் ஏழாவதற்காகக் காத்திருந்தாள்.