குமிழி

கடலடியில் பனிக்கட்டிபோல் உறைந்து கிடக்கும் எரிவாயு குழாயில் வரத் தொடங்கிய பிறகு பெர்னதெத்தின் அடுப்பு ஒருநாளும் சுணங்கியதில்லை. இன்று குழம்பு கொதிக்கும்போதே தீ சுருங்கியது. அந்த நேரம் பார்த்து, கடலுக்குப் போன கணவன் கஸ்பார் போனில் கூப்பிட்டான்.

“ஏட்டி, கண்ணுக்கு எட்டுன மட்டும் குமிழியா பொங்குது. சாளைக் கூட்டந்தான். படக அங்கதான் விடுதேன்!”

குழாயில் வராத வாயு எங்கே போகிறது என்று அவளுக்கு உறைத்தது.

“அது மீனில்லங்க, கேஸு! திரும்பிருங்க!”

“முப்பது வருசமா கடலப் பாக்கேன். எனக்குத் தெரியாதா?”

முதல் வலை வீசுமுன் அவன் பீடி பற்றவைப்பான்.

“ஐயோ, பீடிய மட்டும் பத்தவச்சிராதீங்க!”

அவன் சிரித்தான். தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது. நமத்த குச்சி, பற்றவில்லை.

அடுத்த குச்சியை உரசினான்.